முதலாளியின் கையொப்பம்: மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வேலை அனுமதி வளர்ந்த வரலாறு

பிறநாட்டில் பிறந்து பட்டம் பெற்ற இளைஞன் ஒருவன் இன்று சிங்கப்பூரில் பணிபுரிய விரும்பினால், அதற்குரிய வேலை அனுமதிக்குத் தானாக விண்ணப்பம் செய்துகொள்ள இயலாது. அவனுக்கு வேலை தர இசைந்த நிறுவனமோ, அந்நிறுவனம் அமர்த்திய முகவரோதாம் மனிதவள அமைச்சிடம் விண்ணப்பிக்க வேண்டும். பட்டம் அவனுடையது, திறமை அவனுடையது, விண்ணப்பத்தில் இடப்படும் கையொப்பமோ முதலாளியினுடையது.

இவ்வேற்பாட்டை அண்மைக் காலத்துப் புதுமை என்று கருதுவோர் உளர். வரலாற்றை நோக்கின் அக்கருத்துப் பொருந்தாமை புலனாகும். கடல் கடந்து பிழைக்கச் சென்ற தமிழர் வாழ்வில் இக்கையொப்பம் நூறாண்டுகளுக்கும் மேலாக இடம்பெற்று வந்துள்ளது. காலந்தோறும் அதன் வடிவம் மாறிற்று; அதன் வலிமை சில காலங்களில் குறைந்தும் சில காலங்களில் மிகுந்தும் வந்தது. அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சஞ்சி ஒப்பந்தம்

19ஆம் நூற்றாண்டில் பினாங்கிலும் புரொவின்ஸ் வெல்லெஸ்லியிலும் கரும்புத் தோட்டங்கள் பெருகியபோது, அவற்றிற்கு வேண்டிய ஆட்கள் தமிழகத்திலிருந்து சஞ்சி முறையில் கொண்டுவரப்பட்டனர். 1872ஆம் ஆண்டில் இந்திய அரசு இக்குடியேற்றத்தைச் சட்டத்திற்கு உட்படுத்தியது. கப்பற் கட்டணமும் முன்பணமும் தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதப்பட்டன. பெரும்பாலும் மூன்றாண்டுக் காலம் ஒரே முதலாளியிடம் உழைத்து அக்கடனை அவன் அடைத்தாக வேண்டும்.

இம்முறையின் கொடுமை கடனோடு நிற்கவில்லை. ஒப்பந்தக் காலத்தில் தோட்டத்தை விட்டு நீங்குதல் குற்றமாகக் கருதப்பட்டது. வேலையை விட்டவன் கடனாளியாக மட்டுமன்றிக் குற்றவாளியாகவும் நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டான். கைந்நாட்டு வைத்தவன் தொழிலாளி. அந்தத் தாளினால் ஆற்றல் பெற்றவனோ முதலாளி. இந்தியாவிலும் இங்கிலாந்திலும் எழுந்த கண்டனங்களின் விளைவாக, 1910ஆம் ஆண்டில் மலாயாவுக்குப் புதிய சஞ்சி ஒப்பந்தங்கள் நிறுத்தப்பட்டன.

கங்காணி உரிமம்

சஞ்சிமுறை மறையுமுன்னரே ரப்பர்த் தோட்டங்கள் பெருகலாயின. அவற்றிற்கு ஆள் சேர்க்கும் பொறுப்பு கங்காணியிடம் வந்தது. தோட்டத்தில் வேலை பார்த்த ஒருவரே தம் ஊருக்குத் திரும்பி, உறவினரையும் ஊராரையும் அழைத்து வருவது இம்முறையாகும். ஆயினும் கங்காணி தம் விருப்பப்படி ஆள் சேர்க்க இயலாது. தோட்ட முதலாளி அவருக்காக உரிமம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். எத்தோட்டத்திற்கு, எத்தனை பேர் என்பது அவ்வுரிமத்தில் குறிக்கப்பட்டிருக்கும். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் ஆட்கள் சோதிக்கப்பட்டுக் கப்பலேற்றப்பட்டனர்.

இக்காலத்தில் நிகழ்ந்த ஒரு மாற்றம் சிறப்பாகக் குறிக்கத்தக்கது. 1907ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. இந்தியத் தொழிலாளரை வேலைக்கு வைத்திருந்த முதலாளிகள் அனைவரும், அவர்கள் தாமே ஆள் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும், இந்நிதிக்குப் பணம் செலுத்த வேண்டியதாயிற்று. பயணச் செலவை நிதி ஏற்றதால், தொழிலாளி கடன் இல்லாமல் கரை இறங்க வழி பிறந்தது. ஒரு மாத முன்னறிவிப்புத் தந்து வேலையை விட்டு நீங்கவும் சட்டம் இடம் தந்தது. இருப்பினும் சட்டம் தந்த உரிமை தோட்டத்து லயங்களில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது என்று சொல்வதற்கில்லை. கங்காணியின் செல்வாக்கும், கடைக்கடனும், எழுத்தறியாமையும் குறுக்கே நின்றன.

உலகப் பொருளாதார மந்தத்தின்போது வேலையிழந்த ஆயிரக்கணக்கானோர் தாயகத்திற்கே திருப்பி அனுப்பப்பட்டனர். பின்னர் 1938ஆம் ஆண்டில் தோட்ட முதலாளிகள் கூலியைக் குறைத்தபோது, இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தை அடியோடு தடைசெய்தது. கங்காணி உரிமத்தின் காலம் அத்துடன் முடிவுற்றது.

கற்றவர் வந்த வழி

இதே காலத்தில் கல்வி கற்ற தமிழர்களும் மலாயாவுக்கு வந்தனர். யாழ்ப்பாணத்து ஆங்கிலப் பள்ளிகளில் பயின்றோர் இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தர்களாக அமர்ந்தனர். தமிழகத்திலிருந்து வந்தோருள் சிலர் கிராணிகளாகவும் ஆசிரியர்களாகவும் பணியாற்றினர்.

இவர்களுக்கு இன்றைய பொருளில் விசாவோ வேலை அனுமதியோ தேவைப்படவில்லை. அவர்கள் பிரிட்டிஷ் குடிகள். மலாயாவும் பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1933ஆம் ஆண்டின் அந்நியர் சட்டம் சீனர் வருகையைக் கட்டுப்படுத்தியபோதும், இந்தியரையும் இலங்கையரையும் அது தடுக்கவில்லை. கப்பற் கட்டணமும் ஓர் அறிமுகக் கடிதமும் இருந்தாற் போதும். கூலியாள் உரிமத்தின் பேரில் வந்தான். கற்றவன் தன் பெயரிலேயே வந்தான்.

500 வெள்ளிச் சம்பளம்

அந்த நிலை 1953ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மாறியது. அவ்வாண்டு நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம், மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பிரிட்டிஷ் குடிகளுக்கும் கதவை அடைத்தது. நாட்டிற்குத் தேவையான தொழில் தெரிந்தவர், மாதம் 500 வெள்ளிக்குக் குறையாத சம்பளத்தில் வேலை ஒப்பந்தம் பெற்றவர், ஏற்கெனவே இங்கே குடியிருப்போரின் மனைவி மக்கள் ஆகியோர்க்கே வழி விடப்பட்டது. தோட்டத் தொழிலாளி அக்காலத்தில் எண்ணிப் பார்க்கவும் இயலாத தொகை அது.

இன்றைய வேலை அனுமதியின் வித்து இச்சட்டத்திலேயே காணப்படுகிறது. வருபவன் யார் என்பதைவிட, அவனுக்கு யார் எவ்வளவு சம்பளம் தர முன்வருகிறார் என்பதே நுழைவைத் தீர்மானிக்கும் அளவுகோலாயிற்று. அதுவரை உடலுழைப்பாளிக்கே தேவைப்பட்ட முதலாளியின் கையொப்பம், இனிக் கற்றவனுக்கும் தேவைப்பட்டது.

சிவப்பு அடையாள அட்டை

வேலை அனுமதி என்னும் சொல் மலேசியத் தமிழர் நெஞ்சில் ஆறாத வடுவாகப் பதிந்தது 1969ஆம் ஆண்டிலேயாம். 1968ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதார் வேலை செய்ய அனுமதி பெறவேண்டும் என்று விதித்தது. புதிதாக வருவோர்க்கு மட்டுமன்றி, நெடுங்காலம் இங்கேயே வாழ்ந்து சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தோர்க்கும் இவ்விதி பொருந்தியது.

முப்பது நாற்பது ஆண்டுகள் பால்மரத்தை நம்பி வாழ்ந்தவர்கள், தாம் ஏற்கெனவே செய்துவந்த வேலையைச் செய்வதற்கே அனுமதி கேட்டு நின்றனர். அனுமதியும் குறிப்பிட்ட காலத்திற்கு, குறிப்பிட்ட வேலைக்கு என்றே வழங்கப்பட்டது. அது கிடைக்காதவர்களும், கிடைத்தும் நாளை என்னாகுமோ என்று அஞ்சியவர்களுமாகப் பல்லாயிரவர் தமிழகம் திரும்பினர். இளமையில் ரஜூலா முதலிய கப்பல்களில் வந்திறங்கியோர், முதுமையில் மீண்டும் கப்பலேறினர். பிள்ளைகள் இங்கும் பெற்றோர் அங்குமாகக் குடும்பங்கள் பிரிந்தன.

இத்துயரத்திற்குக் காரணம் சட்டம் ஒன்றே எனக் கூறி அமைதல் முழு உண்மையாகாது. 1957இல் விடுதலை கிடைத்தபோது, நெடுநாள் வாழ்ந்தோர் பதிவின் மூலம் குடியுரிமை பெற வழி இருந்தது. முதலாண்டில் விண்ணப்பித்தோர்க்கு மலாய்மொழித் தகுதியிலும் விலக்களிக்கப்பட்டது. அவ்வாய்ப்பைப் பயன்படுத்தியோர் பின்னாளில் இடர்ப்படவில்லை. பிறப்புச் சான்று இல்லாமையாலும், விவரம் எடுத்துரைப்பார் இல்லாமையாலும், சிவப்பு அட்டையே போதும் என்ற நம்பிக்கையாலும் தவறவிட்டோர் மிகப் பலர். ஒரு தாளின் அருமை, அது இல்லாதபோதே தெரிந்தது.

சிங்கப்பூரில் புள்ளிக் கணக்கு

1965இல் தனிநாடான சிங்கப்பூரும் அவ்வாண்டிலேயே வேலைவாய்ப்பை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை இயற்றியது. 1967இல் இரு நாடுகளுக்குமிடையே குடிநுழைவுச் சோதனை தொடங்கவே, ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து வேலைக்குச் செல்லும் மலேசியரும் அயல்நாட்டவராயினர். பின்னர், அயல்நாட்டு ஊழியர் வேலைச் சட்டம் 1990இல் இயற்றப்பட்டது. உடலுழைப்பாளர்க்கு ஒருவகை அனுமதி, 2004 முதல் இடைநிலைத் திறனாளர்க்கு எஸ் பாஸ், பட்டதாரிகளுக்கும் நிபுணர்களுக்கும் எம்பிளாய்மெண்ட் பாஸ் எனப் படிநிலைகள் அமைந்தன.

பட்டதாரிக்குரிய அனுமதியில் 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் காம்பாஸ் என்னும் புள்ளிமுறை புகுத்தப்பட்டது. முதலில் சம்பளம் குறைந்தபட்ச வரம்பை எட்ட வேண்டும். 2025ஆம் ஆண்டு சனவரியில் அவ்வரம்பு மாதம் 5,600 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. நிதித்துறையில் அது 6,200 வெள்ளி. வயது கூடக்கூட வரம்பும் கூடும். அடுத்து, நான்கு அடிப்படைக் கூறுகளில் ஒவ்வொன்றிற்கும் 20 அல்லது 10 புள்ளிகள் வழங்கப்படும், இல்லையேல் சுழி. மொத்தம் 40 புள்ளிகள் வேண்டும். அத்துறையில் உள்ளூரார் பெறும் சம்பளத்தோடு ஒப்பிட்டால் இச்சம்பளம் எத்தகையது என்பது முதற்கூறு. கல்வித்தகுதி இரண்டாவது. நிறுவனத்தின் உயர்நிலை ஊழியருள் விண்ணப்பதாரரின் நாட்டவர் எத்தனை விழுக்காடு என்பது மூன்றாவது. உள்ளூரார்க்கு அந்நிறுவனம் எந்த அளவு வேலை தந்துள்ளது என்பது நான்காவது. இவற்றில் குறையும் புள்ளிகளை ஈடுசெய்ய, அரிய திறன்களுக்கும் சில பொருளாதார முயற்சிகளில் ஈடுபட்ட நிறுவனங்களுக்கும் கூடுதல் புள்ளிகள் உண்டு.

இந்நான்கனுள் முதலிரண்டே பட்டதாரியின் தகுதியைச் சார்ந்தவை. பின்னிரண்டும் நிறுவனத்தின் நிலையைச் சார்ந்தவை. ஒரே பட்டமும் ஒரே சம்பளமும் உடைய இருவர், இருவேறு நிறுவனங்களின் வழி விண்ணப்பிக்கப்படின், ஒருவர்க்கு அனுமதி கிடைக்கலாம். மற்றவர்க்குக் கிடைக்காமற் போகலாம். எனவே, விண்ணப்பம் தள்ளப்பட்டதனாலேயே தன் கல்வி தாழ்ந்தது என்று ஓர் இளைஞன் மனம் குன்றுதல் வேண்டா. எந்நிறுவனத்தில் சேர்வது என்று முடிவு செய்யுமுன் இக்கூறுகளை அவன் அறிந்திருத்தல் நன்று.

மற்றொரு நிலையும் எண்ணத்தக்கது. கல்விக் கட்டண உதவி பெற்றுச் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களில் பயிலும் அயல்நாட்டு மாணவர், பட்டம் பெற்றபின் மூன்றாண்டுகள் சிங்கப்பூர் நிறுவனத்தில் பணியாற்றுவதாக ஒப்பந்தம் செய்கின்றனர். பணியாற்றும் கடமை மாணவனைச் சார்ந்தது. பணியாற்றுவதற்கான அனுமதியோ முதலாளியின் விண்ணப்பத்தைச் சார்ந்தது. வேலை முடிவுற்றால் முதலாளி அனுமதியை நீக்கிவிடுவார். பொதுவாக 30 நாள்கள் தங்கியிருக்க இடமளிக்கப்படும். அதற்குள் வேறொரு முதலாளி விண்ணப்பிக்கவில்லையெனில் நாடு திரும்பவேண்டியதே.

ஒப்புமையும் வேற்றுமையும்

சஞ்சிக்கூலியையும் இன்றைய பட்டதாரியையும் ஒரே தட்டில் நிறுத்துதல் முறையன்று. பட்டதாரி கைந்நாட்டு வைப்பதில்லை. படித்துப் பார்த்தே கையெழுத்திடுகிறான். வேலையை விட்டால் அவனைச் சிறையில் அடைப்பார் இல்லை. வேறு நிறுவனம் முன்வந்தால் பழைய முதலாளியின் இசைவின்றியே மாறிக்கொள்ளவும் அவனுக்கு வழியுண்டு. இவையனைத்தும் நூறாண்டுப் போராட்டத்தால் விளைந்த பேறுகள்.

ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை. ஒரு மனிதன் ஒரு நாட்டில் வாழ்வதற்கான உரிமை, மற்றொருவர் தரும் வேலையோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. அப்பிணைப்பு உள்ளவரை, அநீதி கண்டும் வாய்மூடி இருக்கும் நிலை கற்றவனுக்கும் நேரலாம். தோட்டத்துத் தொழிலாளி கங்காணிக்கு அஞ்சினான். பட்டதாரி நாளை நீக்கப்படக்கூடிய அனுமதியை எண்ணி அஞ்சுகிறான்.

அந்த அச்சத்தைக் குறைப்பது அறிவு ஒன்றே. வேலை ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்தல், சான்றிதழ்களையும் கடிதங்களையும் பாதுகாத்தல், அனுமதி முடியும் நாளை முன்கூட்டியே அறிந்திருத்தல், விதியை அதிகாரபூர்வ அறிவிப்பிலேயே தேடிப் பார்த்தல் ஆகிய பழக்கங்களைப் பள்ளிப் பருவத்திலேயே ஊட்ட வேண்டும். 1957இல் ஒரு விண்ணப்பத் தாளை நிரப்பித்தர ஒருவர் இருந்திருந்தால், 1969இல் கப்பலேறாமல் இருந்திருக்கக்கூடிய குடும்பங்கள் பல. அவ்வரலாற்றை மாணவர்க்கு எடுத்துரைப்பதும், அவர்கள் தம் பெயரில் உள்ள ஒவ்வொரு தாளையும் பொருளுணர்ந்து படிக்கப் பழக்குவதும் தமிழாசிரியரின் கடன்.