டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா: மண்ரோட்டில் ஒரு பழைய வழக்கு

"டூ ஸ்ட்ரோக்கை கவர்மெண்ட்தான் கொன்னுச்சு." இந்த வாக்கியத்தை எந்த ஒர்க்‌ஷாப்பில் வேண்டுமானாலும் கேட்கலாம். ரமணாசிரமம் பக்கத்தில், செங்கம் ரோட்டை ஒட்டிய சந்துகளில் இருக்கும் பட்டறைகளில் நான் நிறைய தடவை கேட்டிருக்கிறேன். ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கண்ணீரோடு சொல்வார்கள், மெக்கானிக்குகள் கோபமாகச் சொல்வார்கள். பாதி உண்மை. மீதிப் பாதியைத் தேடித்தான் இந்தக் குறிப்பு.

காரணம் ஒரு கேள்வி. எங்கள் தெருவில் இருபத்து நாலு வயசுப் பையன் ஒருத்தன், ஆர்எக்ஸ் 135-ஐ மண்ணுக்கு ஏற்ற மாதிரி மாற்றி, வத்திப்போன ஏரிகளிலும் ஜவ்வாது மலை அடிவாரத்திலும் ஓட்டிக்கொண்டிருக்கிறான். "அண்ணா, ரெண்டு வருஷமா சேத்த காசு இருக்கு. அடுத்த வண்டி டூ ஸ்ட்ரோக்கே தேடவா, இல்ல ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறிடவா?" என்றான். ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் காசும் அவன் முழங்காலும் சம்பந்தப்பட்ட விஷயம். கொஞ்சம் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

முதலில் இயந்திரம். ஃபோர் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் ரெண்டு தடவை மேலே கீழே போய் வந்தால் ஒரு வெடிப்பு. டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வெடிப்பு. அதே சைஸ் இன்ஜினில் சக்தி அதிகம். வால்வு இல்லை, கேம் இல்லை, டைமிங் செயின் இல்லை. சிலிண்டர் சுவரில் ஓட்டைகள் மட்டும்தான், பிஸ்டனே கதவு. அதனால் எடை குறைவு, விலை குறைவு, பிரித்து மாட்டுவது சுலபம். ஆனால் புதுக் கலவை உள்ளே வரும் நேரத்திலேயே பழைய புகை வெளியே போகிறது, ரெண்டு ஓட்டையும் ஒரே சமயம் திறந்திருக்கிறது. எரியாத பெட்ரோலில் ஒரு பங்கு நேராக சைலன்ஸருக்குப் போய்விடும். கூடவே எரிகிற ஆயில். அந்த நீலப் புகையும் வாசனையும் அங்கிருந்து வருபவைதான்.

மண்ரோட்டில் இந்த ரெண்டுக்கும் நடந்த சண்டை நம்ம ஊர் வண்டியில் இருந்தே தொடங்குகிறது. இன்றைக்கு ஆசிரமத்து வாசலில் கோயில் யானை மாதிரி நிதானமாகப் போகிற புல்லட், பிறந்தது கரடுமுரடு வண்டியாகத்தான். ராயல் என்ஃபீல்டின் 350 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் புல்லட், பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் சஸ்பென்ஷனோடு 1948-ல் இங்கிலாந்தின் ட்ரையல் போட்டிகளில் இறங்கியது. அதே வருஷம் இத்தாலியில் நடந்த ஆறு நாள் சர்வதேசப் போட்டியில் வென்ற பிரிட்டிஷ் அணியில் புல்லட்டும் இருந்தது. 1955-ல் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி உருவாகி, திருவொற்றியூரில் தயாரிப்பு தொடங்கியது. ராணுவம் எல்லையில் ஓட்ட வாங்கியது இதைத்தான்.

அந்தக் காலத்தில் மண் என்றால் கனமான ஃபோர் ஸ்ட்ரோக். அதை உடைத்தவர்களில் முக்கியமானவர் சாமி மில்லர். 500 சிசி ஏரியல் வண்டியில் ட்ரையல் உலகத்தையே ஆண்டுகொண்டிருந்த மனுஷன், ஸ்பெயினின் பல்டாகோ கம்பெனியோடு சேர்ந்து 250 சிசி டூ ஸ்ட்ரோக் ஒன்றை உருவாக்கி, 1965-ல் ஸ்காட்லாந்து ஆறு நாள் போட்டியை அதில் ஜெயித்தார். எடை குறைந்தால் பாறையில் ஏறலாம், விழுந்தால் தூக்கலாம். அதற்கப்புறம் கனமான ஃபோர் ஸ்ட்ரோக்குகள் அந்தப் போட்டியில் மெல்ல மெல்லக் காணாமல் போயின.

சக்தியின் ரகசியம் வேறு இடத்தில் இருந்தது. கிழக்கு ஜெர்மனியில் எம்இசட் கம்பெனியின் பொறியாளர் வால்டர் காடன், சைலன்ஸர் குழாயின் வடிவத்தை வைத்தே இன்ஜின் சக்தியைக் கூட்டினார். வயிறு பெருத்து கடைசியில் ஒடுங்குகிற குழாய். வெளியே போகிற அழுத்த அலை ஒடுங்கின பக்கத்தில் மோதித் திரும்பி வந்து, தப்பித்துப் போகிற புதுக் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே திரும்பத் தள்ளும். டூ ஸ்ட்ரோக்கின் பிறவிக் குறையை ஒரு தகரக் குழாயால் கிட்டத்தட்ட அடைத்துவிட்டார். (நம்ம பையன்கள் ஆர்எக்ஸில் காதைப் பிளக்க மாட்டுகிற 'எக்ஸ்பான்ஷன் பைப்' இந்தக் குழாயின் வம்சம்தான். பாதிப் பேருக்கு அது சத்தத்துக்கான சாமான் என்றுதான் தெரியும்.)

எம்இசட்டின் ரேஸர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-ல் 125 சிசி உலகப் பட்டத்துக்கு முன்னணியில் இருந்தார். பெர்லின் சுவர் எழும்பிய அடுத்த மாசம், ஸ்வீடன் பந்தயத்துக்குப் போனவர் திரும்பவில்லை. அவர் மனைவி மக்களை காரின் டிக்கியில் ஒளித்து எல்லை கடத்தினார்கள். அவர் போய்ச் சேர்ந்தது ஜப்பானின் சுஸுகியில். அடுத்த வருஷமே சுஸுகி 50 சிசி உலகப் பட்டம் வென்றது, ஓட்டியவர் டெக்னர்தான். இந்த இடத்தைப் படித்தபோது நான் ஓசூரைத்தான் நினைத்தேன். இருபத்திரண்டு வருஷம் கழித்து, 1984-ல், அதே சுஸுகியோடு டிவிஎஸ் கைகோத்து ஓசூரில் இருந்து இண்ட்-சுஸுகி ஏஎக்ஸ் 100 வெளியே வந்தது.

இப்போது நம்ம ஊர் வழக்கு. 1980-களின் தொடக்கத்தில் அரசாங்கம் வெளிநாட்டுக் கூட்டுக்குக் கதவைத் திறந்தது, ஆனால் 100 சிசி வரைக்கும்தான். அதனால்தான் அந்த நாலைந்து வருஷத்தில் வந்ததெல்லாம் நூறு நூறாக இருந்தன. சுஸுகி 100, யமஹா ஆர்எக்ஸ் 100, கவாஸாகி பஜாஜ் கேபி 100, மூன்றும் டூ ஸ்ட்ரோக். ஹீரோ ஹோண்டா சிடி 100 மட்டும் ஃபோர் ஸ்ட்ரோக். ஒரே அளவு இன்ஜின். இதைவிட நியாயமான போட்டி உலகத்தில் எங்கேயும் நடந்ததாகத் தெரியவில்லை. ஆர்எக்ஸ் 11 குதிரைசக்தி, சிடி 100 ஏழு சொச்சம். சோழவரம் ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் டூ ஸ்ட்ரோக்குகள்தான் கூட்டத்தை எழுப்பின.

ஆனால் கடையில் ஜெயித்தது சிடி 100. 'நிரப்பு, மூடு, மறந்துவிடு' என்கிற அர்த்தத்தில் ஒரு விளம்பரம், லிட்டருக்கு 80 கிலோமீட்டர் என்கிற பேச்சு. ஆர்எக்ஸ் அதில் பாதி கொடுத்தாலே பெரிசு. பெட்ரோல் விலையை எண்ணிப் பார்க்கிற குமாஸ்தாவுக்கும் வாத்தியாருக்கும் கணக்கு சுலபமாக முடிந்துவிட்டது. இதற்கு இரண்டு வருஷம் முன்னாடியே ராஜ்தூத் 350 இதே பாடத்தைப் படித்திருந்தது. யமஹா ஆர்டி 350-ன் இந்தியப் பதிப்பு, இரட்டைச் சிலிண்டர். இன்றைக்கு அதைப் பார்த்தால் கும்பிடுகிறார்கள். 1983-ல் வந்தபோது அது குடித்த பெட்ரோலைப் பார்த்து ஓடினார்கள்.

நாட்டளவில் புகைக் கட்டுப்பாடு கடுமையானது 1996-லும் 2000-லும். ஆர்எக்ஸ் 100 நின்றது 1996-ல். 2001-ல் ஹீரோ ஹோண்டா உலகத்திலேயே அதிக இருசக்கர வண்டி விற்கிற கம்பெனி ஆகிவிட்டது. அதாவது சட்டம் வந்தபோது டூ ஸ்ட்ரோக் மைலேஜிடம் ஏற்கெனவே பாதி தோற்றிருந்தது. கவர்மெண்ட் செய்தது கடைசிச் சடங்கு என்பது என் கணிப்பு.

அமெரிக்காவில் மோட்டோகிராஸில் கதை தலைகீழ். அங்கே மைலேஜை யார் கேட்டார்கள்? 1970-களில் இருந்து டூ ஸ்ட்ரோக் ராஜ்ஜியம். ஃபோர் ஸ்ட்ரோக் பைத்தியமான ஹோண்டாவே 1973-ல் எல்சினோர் என்று டூ ஸ்ட்ரோக் மண் வண்டி போட வேண்டியதாயிற்று. சாலைப் பந்தயத்தில் வறட்டுப் பிடிவாதமாக 1979-ல் முட்டை வடிவ பிஸ்டனோடு ஒரு ஃபோர் ஸ்ட்ரோக் இறக்கிப் பார்த்து, உலகப் போட்டியில் ஒரு பந்தயம்கூட ஜெயிக்காமல் டூ ஸ்ட்ரோக்குக்கே திரும்பியது.

மாற்றம் வந்தது 1997-ல். லாஸ் வேகாஸ் சூப்பர்கிராஸில் டக் ஹென்றி யமஹாவின் 400 சிசி ஃபோர் ஸ்ட்ரோக்கை ஓட்டி ஜெயித்தார். மறு வருஷம் அது ஒய்இசட் 400 எஃப் என்று விற்பனைக்கு வந்தது, சிலிண்டருக்கு ஐந்து வால்வு. எப்படி முடிந்தது? விதி அனுமதித்தது. 250 டூ ஸ்ட்ரோக்கோடு அதைவிடப் பெரிய ஃபோர் ஸ்ட்ரோக் ஓடலாம், பிறகு 125-ஓடு 250 ஓடலாம். எங்கள் ஊர் மல்யுத்தத்தில் ஒருத்தருக்கு மட்டும் ரெண்டு பங்கு எடை கொடுத்த மாதிரி. ஹோண்டா 2007-ஓடு டூ ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் வண்டிகளை நிறுத்தியது. நான் சாஃப்ட்வேர்க்காரன், அளவுகோலை மாற்றினால் முடிவு மாறும் என்பது எனக்குப் புதுசில்லை. 100-க்கு 100 வைத்த இந்தியாவில் பெட்ரோல் செலவு தீர்ப்பு சொன்னது, 125-க்கு 250 வைத்த அமெரிக்காவில் விதிப்புத்தகம் சொன்னது.

ஆனாலும் டூ ஸ்ட்ரோக் சாகவில்லை. ஆஸ்திரியாவின் எர்ஸ்பெர்க் மாதிரி செங்குத்துப் பாறைப் போட்டிகளில் 300 சிசி டூ ஸ்ட்ரோக்குகள்தான் இன்றும் ராஜா. கேடிஎம் 2018 மாடலில் இருந்து அவற்றுக்கு ஃப்யூவல் இன்ஜெக்‌ஷனே கொடுத்துவிட்டது. நீண்ட தூரம் என்றால் மறுபேச்சில்லை, டக்கார் முழுக்க 450 ஃபோர் ஸ்ட்ரோக். 2015-ல் மோட்டார்சைக்கிளில் டக்கார் ஓட்டிய முதல் இந்தியர் சி.எஸ். சந்தோஷ் 36-வது இடத்தில் முடித்தார். கேரளத்தின் ஹரித் நோவா 2024-ல் டிவிஎஸ் ஷெர்கோ அணிக்காக ராலி 2 பிரிவையே வென்றார். எல்லாம் ஃபோர் ஸ்ட்ரோக்கில்தான்.

சரி, பையனுக்கு என்ன சொன்னேன்?

இங்கே கடையில் புதுசாகப் போய் வாங்கி ரோட்டில் ஓட்டுகிற மாதிரி டூ ஸ்ட்ரோக் மண் வண்டி எதுவும் இல்லை. கவாஸாகியின் கேஎக்ஸ் வகை, சுஸுகி ஆர்எம்-இசட் மாதிரி வந்ததெல்லாம் நம்பர் பிளேட் வாங்க முடியாத போட்டி வண்டிகள். வீட்டில் இருந்து ஏரி வரைக்கும் ஓட்டிப் போகக்கூட சட்டத்தில் இடமில்லை, டாடா ஏஸில் ஏற்றித்தான் போகணும். அதோடு அந்த ஜாதி ஃபோர் ஸ்ட்ரோக்கும் சாது இல்லை. மணிக்கணக்கு எழுதிவைத்து வால்வு இடைவெளி பார்க்கணும், பிஸ்டன் மாற்றணும். கவனிக்காமல் விட்டால் வருகிற பில் ஒரு பழைய ஸ்ப்ளெண்டரின் விலை. ஆர்எக்ஸில் பிஸ்டன், ரிங், கேஸ்கட் என்று ஒரு மதியத்தில் நம்ம மெக்கானிக் முடித்துவிடுவார். ஃபோர் ஸ்ட்ரோக் என்று ஒரே பெயரில் ரெண்டு வேறு மிருகங்களைச் சொல்கிறோம். இதை யாரும் பிரித்துச் சொல்வதில்லை.

இன்னொரு மிருகம் 2019-ல் வந்த எக்ஸ்பல்ஸ் 200 வகை. சாலை வண்டியின் இன்ஜின், நீளமான சஸ்பென்ஷன், முன்னால் 21 இன்ச் சக்கரம், ஆர்.சி. உண்டு. எடை சுமார் 155 கிலோ. ஆர்எக்ஸ் நூறை ஒட்டித்தான். அந்த வித்தியாசம் சேற்றில் விழுந்து தூக்கும்போது தெரியும். ஆனால் போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் ஏறிவிட்டு இறங்கும்போது கணக்கு மாறும். டூ ஸ்ட்ரோக்கில் இன்ஜின் பிரேக் கிட்டத்தட்ட இல்லை. ஆக்ஸிலேட்டரை மூடிக்கொண்டு நீளமாக இறங்கினால் இன்ஜினுக்குப் போகிற ஆயிலும் குறையும், ஏனென்றால் ஆயில் வருவதே பெட்ரோலோடு. பிரேக் சூடாகி, பிஸ்டன் பிடித்து, பின்சக்கரம் நின்றுபோனால் வளைவில் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. பழைய எஸ்டி, ஆர்எக்ஸ் ஆட்கள் இறக்கத்தில் நடுநடுவே கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்கு கொடுப்பது ஸ்டைலுக்காக இல்லை.

அதனால் ஃபோர் ஸ்ட்ரோக் எடு, எக்ஸ்பல்ஸ் மாதிரி, மிச்சக் காசில் நல்ல பூட்ஸும் நீ-கார்டும் வாங்கு, ஆர்எக்ஸை விற்காதே என்றேன். அண்ணாமலை மேல் எதையும் ஏற்றாதே, அது காப்புக்காடு என்றும் சொன்னேன். முதல் ரெண்டுக்கும் தலையாட்டினான். பூட்ஸுக்கு மட்டும் முகம் சுளித்தான்.

இந்த வழக்கில் யாரும் சேர்க்காத ஒரு வண்டி பாக்கி இருக்கிறது. 1980-ல் ஓசூரில் இருந்து வந்த டிவிஎஸ் 50-யும் அதன் வாரிசான எக்ஸெல்லும். ஆர்எக்ஸ் போய், ஷோகன் போய், எஸ்டி போய் பல வருஷம் ஆன பிறகும் டூ ஸ்ட்ரோக் எக்ஸெல் ஓடிக்கொண்டே இருந்தது. பூக்கூடை, பால் கேன், கீரைக்கட்டு, புல்லுக்கட்டு, வரப்பு, வண்டிப்பாதை. தமிழ்நாட்டில் அதிகம் மண்ணில் ஓடின வண்டி எது என்று என்னைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன், எந்த சஸ்பென்ஷனும் பெயருக்குத்தான் என்றாலும். அதுவும் 2015-ல் எக்ஸெல் 100 ஆக ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறியது. கிரிவலப் பாதையில் கடை போடுகிற ஒரு பூக்கார அம்மாவிடம் ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்மா என்று கேட்டேன். "ஆயில் ஊத்த மறந்துட்டா பரவாயில்ல. ஆனா பழசு ஒத்தக் கையில திருப்பி நிறுத்துவேன், இது முடியல" என்றார்.