பனிச்சறுக்குப் பலகை: உயரம் பார்த்து எடுப்பதா, எடை பார்த்தா?

ஆண்டிறுதி விடுமுறை. ஜப்பானின் ஹொக்கைடோ தீவுக்கு விமானச் சீட்டு எடுத்தாச்சு. நிசெக்கோவில் தங்குமிடமும் பதிவு செய்தாச்சு. கையில் இருப்பது ஐந்தே நாள்.

பனிச்சறுக்குக் கருவிகளை வாடகைக்கு விடும் கடைக்குப் போகிறீர்கள். சுவர் முழுக்க வண்ண வண்ண ஸ்னோபோர்ட் பலகைகள். ஊழியர் ஒரு படிவத்தை நீட்டுகிறார். உயரம், எடை, காலணி அளவு, எந்தக் கால் முன்னால், அனுபவம் எவ்வளவு... கேள்விகள் நீள்கின்றன. "ஏதாவது ஒண்ணு கொடுங்க, சும்மா கத்துக்கத்தானே வந்திருக்கோம்" என்று சொல்லத் தோன்றும்.

சொல்லிவிட வேண்டாம். பொருந்தாத பலகை உங்கள் ஐந்து நாளில் இரண்டு நாளைத் தின்றுவிடும். விழுந்து மணிக்கட்டு முறிந்தால் மிச்ச நாளும் போச்சு.

பலகை முதலில் உங்கள் எடைக்கும் பாதத்துக்கும் பொருந்த வேண்டும். அடுத்து, நீங்கள் எப்படிச் சறுக்கப் போகிறீர்கள் என்பது. நிறமும் பிராண்டும் கடைசியில்தான்.

உயரம் முக்கியமில்லையா?

பலகையை நிமிர்த்தி வைத்தால் அதன் முனை முகவாய்க்கும் மூக்குக்கும் நடுவில் வரணும் என்பார்கள். பழைய கணக்கு அது. அவசரத்துக்கு உதவும், அவ்வளவுதான்.

பலகைக்கு உங்கள் உயரம் தெரியாது. அதற்குத் தெரிவதெல்லாம் மேலே நிற்பவரின் எடைதான். நீங்கள் அழுத்தும்போது பலகை வளைகிறது. வளைந்தால்தான் அதன் எஃகு விளிம்பு பனியைப் பிடிக்கும், திரும்ப முடியும்.

இரண்டு நண்பர்களை நினைத்துக்கொள்ளுங்கள். இருவரும் 172 சென்ட்டிமீட்டர் உயரம். ஒருவர் 58 கிலோ, இன்னொருவர் 85 கிலோ. முகவாய்க் கணக்குப்படி இருவருக்கும் ஒரே பலகை. ஆனால் 58 கிலோ உள்ளவருக்கு ஏறத்தாழ 150 சென்ட்டிமீட்டர் பலகை சரியாக இருக்கும். 85 கிலோ உள்ளவருக்கு 160 சென்ட்டிமீட்டரை ஒட்டித் தேவைப்படும்.

பலகைகளை மாற்றிக்கொண்டால் என்ன ஆகும்? எடை குறைந்தவரால் நீளப் பலகையை வளைக்கவே முடியாது. திரும்ப நினைத்தாலும் அது நேராகவே ஓடும். எடை கூடியவரின் கீழே குட்டைப் பலகை வேகத்தில் தடதடக்கும். ஆழமான பனியில் மூக்கு புதையும்.

தயாரிப்பு நிறுவனங்கள் ஒவ்வொரு பலகைக்கும் எடை வரம்பை அட்டவணையாகத் தருகின்றன. அதைத்தான் முதலில் பார்க்கணும். அதனால் படிவத்தில் எடையைக் குறைத்து எழுத வேண்டாம். வெட்கப்பட ஒன்றுமில்லை, பார்க்கப் போவது கடை ஊழியர் ஒருவர்தான்!

காலணி அளவு எதற்கு?

பலகையின் அகலத்தை முடிவு செய்வது அதுதான். ஸ்னோபோர்ட்டில் கால்கள் பலகைக்குக் குறுக்கே நிற்கின்றன. பலகை குறுகலாக இருந்தால் காலணியின் நுனியும் குதிகாலும் அளவுக்கு மீறி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சாய்ந்து திரும்பும்போது நுனி பனியில் உரசும், விளிம்பு பிடி தவறும், விழுவீர்கள். மறுபக்கம், சிறிய பாதத்துக்கு அகலப் பலகை கொடுத்தால் ஒவ்வொரு திருப்பமும் இழுபறிதான்.

ஜப்பானில் காலணி அளவைச் சென்ட்டிமீட்டரில் கேட்பார்கள். 28.5 அல்லது அதற்கு மேல் என்றால் அகலப் பலகை இருக்கிறதா என்று கேளுங்கள். பெண்களுக்கென்று விற்கப்படும் பலகைகள் பொதுவாகக் குறுகலாகவும் மென்மையாகவும் இருக்கும். பாதம் சிறியதாகவும் எடை குறைவாகவும் உள்ள ஆண்களும் தாராளமாக எடுக்கலாம். உயரமும் பாதமும் பெரிதாக உள்ள பெண்களுக்கு ஆண்கள் வரிசைப் பலகை பொருந்தக்கூடும். எடையும் பாதமும் என்ன சொல்கின்றனவோ அதுதான் கணக்கு.

காலணியைப் போட்டதும் நிமிர்ந்து நின்று பாருங்கள். கால்விரல்கள் நுனியை லேசாகத் தொடணும். முட்டியை மடக்கினால் விரல்கள் சற்றுப் பின்வாங்கணும், குதிகால் மட்டும் தூக்கக் கூடாது. குளிருக்குப் பயந்து இரண்டு ஜோடிக் காலுறை வேண்டாம். மடிப்பு விழுந்து கால் வலிக்கும். மெல்லிய காலுறை ஒன்றே போதும்.

எந்தக் கால் முன்னால்?

இடது கால் முன்னால் என்றால் 'ரெகுலர்'. வலது கால் என்றால் 'கூஃபி'. இரண்டுமே சரிதான். வழுக்கும் தரையில் காலுறையோடு ஓடிச் சறுக்கிப் பாருங்கள். எந்தக் கால் தானாக முன்னே போகிறதோ, பெரும்பாலும் அதுதான் உங்கள் பக்கம். வீட்டிலேயே பார்த்துவிட்டால் கடையில் குழப்பம் இல்லை.

நீங்கள் எப்படிச் சறுக்கப் போகிறீர்கள்?

பலகைகளை மூன்று வகையாகப் பிரித்தால் பாதி வேலை முடிந்தது.

எல்லாவற்றுக்கும் ஏற்றது: 'ஆல் மவுன்டன்' என்பார்கள். இயந்திரத்தால் சமன்படுத்திய சரிவுகளில் சறுக்க இதுவே போதும். பெரும்பாலானவர்களுக்கு இதுதான் சரி.

சாகசத்துக்கு: 'ஃப்ரீஸ்டைல்' பலகை. இரண்டு முனையும் ஒரே மாதிரி இருக்கும், முன்னும் பின்னும் ஓட்டலாம். 2022 பெய்ச்சிங் குளிர்கால ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஜப்பானின் அயுமு ஹிரானோ காற்றில் சுழல்வதைப் பார்த்தால் ஆசையாத்தான் இருக்கும். முதல் பயணத்தில் அது வேண்டாம்.

ஆழமான பொடிப்பனிக்கு: நிசெக்கோவின் பெயரே இந்தப் பனியால்தான். சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, ஹொக்கைடோ மலைகளில் பனியாகக் கொட்டுகிறது. அதற்கான பலகையின் மூக்கு நீளமாகவும் அகலமாகவும் இருக்கும், வால் ஒடுங்கியிருக்கும். கால் வைக்கும் இடமும் சற்றுப் பின்னால். அதனால் மூக்கு பனிக்கு மேலே மிதக்கும். ஓரளவு பழகியவர்கள் பனி கொட்டும் நாளில் மட்டும் இதை மாற்றி எடுக்கலாம்.

வளையும் தன்மையையும் கேளுங்கள். பல நிறுவனங்கள் 1 முதல் 10 வரை எண் கொடுக்கின்றன. 1 மிக மென்மை, 10 மிகக் கடினம். புதியவர்களுக்கு 2 முதல் 4 வரை நல்லது. ஆனால் இதற்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் 4 இன்னொன்றின் 6 ஆக இருக்கலாம்.

'கேம்பர்', 'ராக்கர்' என்றால்?

பலகையைத் தரையில் வைத்துப் பாருங்கள். நடுப்பகுதி கவிழ்த்து வைத்த வில் போல் மேலே எழும்பியிருந்தால் கேம்பர். பிடிப்பு அதிகம், சின்னத் தவற்றையும் பொறுக்காது. படகு மாதிரி நடுப்பகுதி தரையைத் தொட்டு முனைகள் தூக்கியிருந்தால் ராக்கர். திருப்புவது சுலபம், ஆனால் இறுகிய பனியில் பிடிப்புக் குறைவு. இரண்டையும் கலந்த பலகைகளும் உண்டு. கற்றுக்கொள்பவர்களுக்கு ராக்கர் அல்லது கலவை நல்லது.

காரணம் இருக்கு. பலகை தட்டையாகச் சறுக்கும்போது சரிவின் கீழ்ப்பக்க விளிம்பு பனியில் குத்திக்கொண்டால், கண் இமைக்கும் நேரத்தில் தூக்கி எறியப்படுவீர்கள். பனிச்சறுக்குக் கட்டைகளில், அதாவது ஸ்கீயில், விழும்போது காலணி கழன்றுகொள்ளும். ஸ்னோபோர்ட்டில் கழலாது. இரண்டு காலும் மாட்டியிருப்பதால் கை தானாகத் தரையை ஊன்றும். புதியவர்களுக்கு மணிக்கட்டுக் காயம் அதிகம் ஏற்படுவது அப்படித்தான். தலைக்கவசத்தோடு மணிக்கட்டுக் கவசமும் கேட்டு வாங்குங்கள்.

பிள்ளைகளுக்கு?

"வளர்ற பிள்ளை, ஒரு அளவு பெரிசா எடுப்போம்" என்பது பள்ளிச் சீருடைக்குச் சரி. பலகைக்கு வேண்டாம். பெரிய பலகையைப் பிள்ளையால் வளைக்க முடியாது. பயம்தான் மிஞ்சும். இன்றைய எடைக்கு இன்றைய பலகை.

வாங்குவதா, வாடகையா?

முதல் சில பயணங்களுக்கு வாடகையே போதும். பலகை சரிவரவில்லை என்றால் மறுநாளே மாற்றிக் கேட்கலாம். பணம் செலவழிக்க விரும்பினால் முதலில் காலணி வாங்குங்கள். சொந்தக் காலணி இருந்தால் எந்தப் பலகையிலும் பாதிச் சிரமம் குறையும்.

பலகை வாங்கினால் பராமரிப்பும் உங்கள் பொறுப்பு. சிங்கப்பூரின் ஈரப்பதத்தில் எஃகு விளிம்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். நன்றாகத் துடைத்து உலர்த்தாமல் பைக்குள் போட்டு வைக்காதீர்கள்.

புறப்படும் முன்...

நான்கு விவரங்களைக் கைத்தொலைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள்: உண்மையான எடை, சென்ட்டிமீட்டரில் காலணி அளவு, எந்தக் கால் முன்னால், எத்தனை நாள் சறுக்கிய அனுபவம். கடையில் அதைக் காட்டி, "மென்மையான, எல்லாவற்றுக்கும் ஏற்ற பலகை வேண்டும்" என்று கேளுங்கள். வாடகைக் கடையில் பத்து நிமிடம் கூடுதலாகச் செலவானால் பரவாயில்லை. மலையில் அது உங்களுக்குத் திரும்பக் கிடைத்துவிடும்.