பிறந்த மாதமும் கல்வித் தேர்ச்சியும்

ஒரே வகுப்பில் படிக்கும் பிள்ளைகளின் தேர்ச்சி, அவர்கள் பிறந்த மாதத்தை ஒட்டி வேறுபடுவது பல நாடுகளில் பதிவாகியுள்ளது. வெயிலோ பனியோ இதற்கு முதற்காரணம் அல்ல. பள்ளிச் சேர்க்கைக்கு அரசு வகுக்கும் வயதுக் கெடுவே காரணம். ஆய்வாளர்கள் இதைச் சார்பு வயது விளைவு என்பர்.

மிக விரிவாக ஆராயப்பட்ட நாடுகளுள் ஒன்று இங்கிலாந்து. அங்கு வகுப்புக் கணக்கு செப்டம்பர் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை. நான்கு வயது முடிந்த கையோடு பள்ளிக்கு வரும் ஆகஸ்ட் பிள்ளையின் பக்கத்தில், ஐந்தை எட்டிவிட்ட செப்டம்பர் பிள்ளை உட்காரும். அந்த வயதில் ஓராண்டு என்பது வாழ்ந்த காலத்தில் ஏறக்குறைய கால் பங்கு. லண்டனிலுள்ள நிதியியல் ஆய்வுக் கழகத்தின் 2007 அறிக்கைப்படி, 7 வயதில் எதிர்பார்க்கப்படும் நிலையை எட்டுவோர் விகிதத்தில் ஆகஸ்ட் பிள்ளைகள் ஏறத்தாழ 25 விழுக்காட்டுப் புள்ளிகள் பின்தங்கினர். 16 வயதில் இந்த இடைவெளி ஏறத்தாழ 6 ஆகச் சுருங்கியது. மேற்படிப்புக்கான வாயிலே 16 வயதுத் தேர்வுதான் என்பதால் இந்த 6-ஐ அற்பமென ஒதுக்க முடியாது.

தேர்வு நாளன்று பிள்ளைக்கு என்ன வயது என்பதே இடைவெளியின் பெரும்பகுதிக்குக் காரணம் என்று அக்கழகத்தின் பிந்தைய ஆய்வு காட்டியது. அப்படியானால் மதிப்பெண்ணை வயதுக்கேற்பத் திருத்துவதே நேரான தீர்வு. 11 வயதையொட்டி எழுதும் கிராமர் பள்ளி நுழைவுத் தேர்வுகளில் இவ்வழக்கம் உண்டு. 16 வயதுத் தேர்வில் இல்லை. கோடையில் பிறந்த பிள்ளையை ஓராண்டு தாமதித்துச் சேர்க்கப் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். ஆனால் வகுப்பில் யாரேனும் ஒருவர் கடைக்குட்டியாக இருந்தே தீர வேண்டும்.

இளமையைக் குறைபாடாக எண்ணிவிடும் ஆபத்தும் உண்டு. டிசம்பர் 31 கெடுவாக உள்ள கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், ஜனவரியில் பிறந்த சிறுவர்களைவிட டிசம்பரில் பிறந்தோர் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு உள்ளவர்களாகக் கண்டறியப்படுவது 30 விழுக்காடு அதிகம் என 2012-இல் வெளியான ஆய்வு கூறியது. கெடு மாறினால் கடைக்குட்டியின் பிறந்த நாளும் மாறும்: ஜப்பானில் கெடு ஏப்ரல் 2. ஏப்ரல் 1-இல் பிறந்த குழந்தை முந்தைய அணியில் எல்லோருக்கும் இளையதாகச் சேர்கிறது.

பருவத்துக்கே பங்கில்லை என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் குளிர்காலத்தில் பிறக்கும் குழந்தைகளின் தாய்மாரில் பதின்வயதினரும் மணமாகாதவர்களும் சற்று அதிகம் என ஆய்வாளர்கள் பக்கிள்ஸ், ஹங்கர்மன் இருவரும் 2013-இல் காட்டினர். குடும்பப் பின்னணியும் இக்கணக்கில் கலந்திருக்கிறது.

மூத்திருப்பது எப்போதும் ஆதாயமும் அல்ல. ஆங்கிரிஸ்ட், குரூகர் ஆகியோரின் 1991 ஆய்வின்படி, அமெரிக்காவில் ஆண்டின் முதற்காலாண்டில் பிறந்தோர் வகுப்பில் மூத்தவர்களாக இருந்தனர். கட்டாயக் கல்வி முடியும் வயதைக் கீழ்வகுப்பிலேயே எட்டிவிட்டதால், சராசரியில் சற்றுக் குறைவாகவே படித்திருந்தனர்.