காப்பிச் செடியும் பூச்சி மருந்தும்

காரைக்குடிச் செம்மண்ணில் காப்பி விளைவதில்லை. ஆயினும் செட்டிநாட்டு வீடுகளில் காப்பியின்றிப் பொழுது புலர்வதில்லை. சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் இலங்கைக் காப்பித் தோட்டங்கள் செழித்திருந்தபோது, அத்தீவில் அரிசி வணிகமும் லேவாதேவியும் நடத்தியோருள் நம் நகரத்தாரும் இருந்தனர். ஆதலின் அச்செடிக்கு நேர்ந்த கேடு நமக்கு அயலார் கதையன்று.

மாணவர்களே, 1869 ஆம் ஆண்டை நினைவிற் கொள்ளுங்கள். அவ்வாண்டில் இலங்கையின் மடுல்சீமைப் பகுதியில் இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. சில ஆண்டுகளில் அது காப்பித் தோட்டங்களை அழித்துத் தேயிலைக்கு வழிவிட்டது. அதே ஆண்டில், குடகு முதலிய இடங்களில் காப்பித் தண்டைத் துளைத்த வண்டினைப் பற்றி ஜார்ஜ் பிடி என்னும் மருத்துவர் எழுதிய அறிக்கை சென்னையில் வெளிவந்தது. பெண் வண்டு வெயில் படும் தண்டின் பட்டை வெடிப்புகளில் முட்டையிடும்; புழுவோ உள்ளே புகுந்து மாதக்கணக்கில் மரத்தைத் தின்னும். பல்லாண்டு வளர்த்த செடி ஒரே கோடையில் வாடிச் சாயும். காட்டை வெட்டி வெளிச்சமாக்கிய தோட்டங்களே மிகுதியாக அழிந்தன. நிழல் மரங்களை வளர்க்குமாறு பிடி வற்புறுத்தினார்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தையொட்டி, ஜெர்மானிய வேதியலார் கெர்ஹார்ட் ஷ்ராடர் போன்றோர் ஆராய்ச்சியால் புதுவகை நஞ்சுகள் தோன்றின. முன்னைய மருந்துகள் பெரும்பாலும் இலையின் மேலேயே படிந்து நிற்கும்; இவற்றுட் சிலவற்றையோ வேர் உறிஞ்சிச் சாற்றோடு இலைக்கு ஏற்றும். சாற்றைக் குடிக்கும் செதிற்பூச்சியும் மாவுப்பூச்சியும் மடியும். ஆனால் நாற்றுக்கு மருந்து அளவு மீறினால் இலை கருகும், வளர்ச்சி குன்றும். மருந்திட்ட நாற்று ஓங்கி வளர்ந்தாலும், அதற்குக் காரணம் மருந்தா, பூச்சி ஒழிந்ததா என்று ஐயம் எழும். மருந்திடாது பூச்சியும் அண்டாமற் காத்த நாற்றுகளோடு ஒப்பிட்டாலன்றி விடை கிட்டாது. மரத்துள் குடியிருக்கும் புழுவுக்கோ அந்நஞ்சு எளிதில் எட்டுவதில்லை.

இவ்வகையில் பெயர்பெற்ற போரேட் மனிதர்க்கும் கொடியது. குருணையை மண்ணில் இட்ட தோட்டத் தொழிலாளரே முதலில் இடர்ப்பட நேரிடும். இந்திய அரசு 2018 இல் ஆணை பிறப்பித்து, 2020 டிசம்பர் இறுதியோடு அதன் பயனை நிறுத்தியது.

தண்டுத் துளைப்பானுக்கு இன்றும் நிழலே முதல் காப்பு. வண்டு பறக்கும் சித்திரை, ஐப்பசிப் பருவங்களுக்கு முன்னரே, துளைபட்ட செடிகளைப் பிடுங்கி எரிக்கின்றனர்.