கழுவக் கூடாத காகிதம்

ஏ.சி. வலையைக் கழற்றிக் குழாயடியில் காட்டி, உதறி மாட்டிப் பழகிய கை, ஏர் பியூரிஃபையர் ஃபில்டரையும் அதே குழாயடிக்குத்தான் கொண்டுபோகிறது. ‘தண்ணீரில் கழுவாதீர்கள்’ என்று கையேட்டில் போட்டிருக்கும். கையேட்டை யார் படிக்கிறார்கள்? அந்த ஒரு வரிக்குப் பின்னால் இரண்டு உலகப் போர்களும் ஓர் அணுகுண்டும் இருக்கின்றன.

ஃபில்டரின் அடுக்குகளில் மூத்தது கரி. 1854-ல் ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஜான் ஸ்டென்ஹவுஸ் கரி அடைத்த சுவாசக் கவசத்தை உருவாக்கினார். முதல் உலகப் போரில் நச்சு வாயு வந்ததும் கரிக்குக் கிராக்கி ஏறியது. முகமூடிக்குக் கரி செய்ய அமெரிக்கர்கள் பீச் பழக் கொட்டைகளைச் சேகரித்தார்கள், தேங்காய்த் தொட்டியையும் எரித்தார்கள். காங்கயம் பக்கத்துக் களங்களில் இன்று தொட்டிக் கரி சுடுபவர்களுக்கு இந்த வரலாறு சுவையாகவே இருக்கும். கரியின் நுண்துளைகளில் வாயு ஒட்டிக்கொள்கிறது. துளைகள் நிரம்பினால் அதன் வேலை முடிந்தது. அதை மீட்க ஆலைச் சூளையின் வெப்பம் வேண்டும். மொட்டைமாடி வெயில் போதாது.

மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தின் கதைதான் பெரிது. இரண்டாம் உலகப் போரில் கைப்பற்றிய ஜெர்மன் முகமூடிகளின் வடிகட்டிக்குள் கல்நார் இழை கலந்த ஒரு காகிதம் இருந்தது. அது புகையை அபாரமாகப் பிடித்தது. பிரிட்டன் வழியாக அமெரிக்காவுக்குப் போன அந்தக் காகிதத்தை அங்கே நகலெடுத்தார்கள். அணுகுண்டுத் திட்டத்தின் கதிரியக்கத் தூசு வெளியேறாமல் தடுக்கும் வேலை அதற்குக் கிடைத்தது. நோபல் பரிசு பெற்ற இர்விங் லாங்மியூர் அந்த நாட்களில் புகைத் துகள்கள் இழையில் சிக்கும் விதத்தை ஆராய்ந்தார். பெரிய துகள் வேகத்தில் வளைய முடியாமல் இழையில் மோதும். மிகச் சிறியது தள்ளாடித் தள்ளாடி எங்காவது ஒட்டிக்கொள்ளும். நடுவில், சுமார் 0.3 மைக்ரான் அளவில் இருப்பதுதான் நழுவப் பார்க்கும். ஹெப்பா என்று அழைக்கப்படும் இந்தக் காகித ஃபில்டரை இன்றும் அந்த அளவில் சோதிப்பது அதனால்தான், 99.97 சதவீதத்தைப் பிடித்தாக வேண்டும்.

1957 செப்டம்பரில் கொலராடோவின் ராக்கி ஃபிளாட்ஸ் அணு ஆயுத ஆலையில் தீப்பிடித்தபோது, எரியக்கூடிய பொருளால் ஆன ஃபில்டர்களும் சேர்ந்து எரிந்தன. தீப்பிடிக்காத கண்ணாடி இழைக் காகிதத்தின் அவசியத்துக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஆக, ஹெப்பா என்பது சல்லடை அல்ல, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும் இழைக்காடு. தண்ணீர் பட்டுக் காய்ந்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, இடையில் வழி விழுந்துவிடலாம். பார்க்க வெளுப்பாக இருக்கும். தூசு தாராளமாகப் போகும்.

எல்லாமே கண்ணாடி இழை என்றும் சொல்லிவிட முடியாது. வீட்டு ஃபில்டர்கள் பலவற்றில் இருப்பது நிலைமின்னேற்றம் ஏற்றிய பிளாஸ்டிக் இழை. இந்த யோசனைக்கும் வயதாகிறது: 1930 வாக்கில் டென்மார்க்கின் ஹான்சன் என்பவர் கம்பளியில் பிசின் தூளைத் தேய்த்து மின்னேற்றம் ஏற்றினார். எண்ணெய்ப் புகை பட்டதும் அந்தக் கம்பளி சக்தி இழந்தது. இதே வகை இழையை என்-95 முகக்கவசத்துக்கு ஏற்றதாக்கியவர் பீட்டர் ட்சை. 2020 கொரோனா காலத்தில் முகக்கவசத்தை மறுபடி பயன்படுத்தும் வழிகளை ஆராய்ந்து, உலர் வெப்பத்தைப் பரிந்துரைத்தார். ஆல்கஹாலும் சோப்பும் அந்த மின்னேற்றத்தைக் கெடுத்துவிடும். துணிக்குப் போடும் சோப்புத்தூளை ஃபில்டரில் தூவுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பின் கழுவத் தகுந்தது எது? முகப்பில் இருக்கும் வலை மட்டும். முடியும் பஞ்சும் கொசுவும் சிக்குவது அங்கேதான். அதைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழுவினால் உள்ளே இருக்கும் காகிதம் கூடுதல் நாள் உழைக்கும். மாற்றச் சொல்லும் சிவப்பு விளக்கைக் கண்மூடி நம்பவும் வேண்டாம். பல மாடல்களில் அது ஓடிய மணிக்கணக்கை மட்டுமே எண்ணுகிறது. டெல்லியின் நவம்பர் புகையில் ஓடிய மணியும் மழைக்காலத்தில் ஓடிய மணியும் அதற்கு ஒன்றுதான்.

வலையை நிழலில் ஈரம் போகக் காயவிட்டு மாட்டுங்கள். கழுவலாம் என்று தயாரித்தவரே சொல்லியிருந்தால் ஒழிய மடிப்புக் காகிதத்தில் தண்ணீர் படவிடாதீர்கள். கறுத்துப்போனால் முகக்கவசம் அணிந்து கழற்றி, பையில் கட்டிக் குப்பையில் சேர்த்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குங்கள்.