ஒரு திகதியில் தொங்கிய உரிமை



1948ஆம் ஆண்டுச் சட்டம் நம் மலையகப் பெரியவர்களை நாடற்றவர்களாக்கியது. 1949ஆம் ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் திகதிகளைக் கேட்டது. 1946 ஜனவரி 1க்கு முன் திருமணமானவர் 7 வருடம், மற்றவர் 10 வருடம் தொடர்ச்சியாக இங்கு வாழ்ந்திருக்க வேண்டும். இடையில் 12 மாதத்துக்கு மேல் இந்தியாவில் தங்கினால் தொடர்ச்சி அறுந்தது. இந்திய வம்சாவளி முஸ்லிம் கடைக்காரருக்கும் இதே விதிதான். செக்ரோலில் பெயர் விடுபட்ட மாதங்களுக்குக் கொழுந்து பறித்தவர் எங்கே சாட்சி தேடுவார்?

2003ஆம் ஆண்டுச் சட்டமும் 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு வசித்தவர்களுக்கும் அவர்களின் வாரிசுகளுக்கும் என்றே வந்தது.

2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தயில் மண் சரிந்து லயங்களை மூடியது. வீட்டோடு வீட்டுப் பத்திரங்களும் போயின.

ஆகவே பிறப்புச் சான்றிதழிலோ சேமலாப நிதிப் பதிவிலோ திகதி பிழையென்றால், பணம் எடுக்கும் வயது வரை காத்திராமல் இப்போதே திருத்துவோம். பிரதியொன்றை வேறிடத்தில் வைப்போம். படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நாம் நிரப்பிக் கொடுப்போம்.