ஏக்கருக்கு 14 சக்கரம்

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திவான் ராஜா கேசவதாஸ் நிறுவியது நம் சாலைக் கம்போளம். நாஞ்சில் நாட்டுச் சரக்குடன் வந்த தமிழ் வணிகர் பலர் இங்கேயே குடியேறினர். சாலையிற் கடையும், தோவாளையிலோ அகத்தீசுவரத்திலோ வயலும் உடைய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஆதலின் வரி விகிதத்தின் வரலாறு நமக்கு வீட்டுக் கதையேயாகும்.

முன்னாளில் திருவிதாங்கூர் நிலவரி இடத்துக்கிடம் வேறுபட்டது. நஞ்சைக்கு அதன் தரம் பார்த்தனர். புரையிடத்திற்குத் தென்னை, கமுகு, பலா என மரங்களை எண்ணினர். 1946-இல், சர் சி. பி. இராமசாமி ஐயர் திவானாயிருந்தபோது, இவ்வேற்றுமைகள் நீங்கி, ஏக்கருக்கு 14 சக்கரம் என்னும் ஒரே அடிப்படை வரி வந்தது. 28 சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய். எனவே இஃது அரை ரூபாயே. அவருடைய ஆட்சியைப் பற்றி எவர் எக்கருத்துக் கொண்டிருப்பினும், சிறு குடியானவனுக்கு இது பேருதவி என்பதை மறுத்தற்கில்லை.

1956 நவம்பர் 1-இல் தென் தாலுகாக்கள் நான்கும் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. மலபார் கேரளத்தில் சேர்ந்தது. நம்மவருள் சிலருக்குக் கடைவரி ஓர் அரசுக்கும் வயல்வரி மற்றோர் அரசுக்கும் உரியதாயிற்று.

அடுத்த ஆண்டு ஒரே விகித வரி மலபாருக்கும் நீட்டப்பட்டது. ஏக்கருக்கு 2 ரூபாய். கழனிக்கும் அதுவே, காட்டிற்கும் அதுவே! பாலக்காட்டுப் பகுதியில் பெருங்காடுடைய மூப்பில் நாயர் உச்ச நீதிமன்றத்தை அடைந்தார். காட்டின் ஆண்டு வருவாய் சுமார் 3,100 ரூபாய். கேட்கப்பட்ட வரியோ சுமார் 54,000 ரூபாய். விளைவை நோக்காது விதிக்கும் ஒரே வரி சமத்துவ உரிமைக்கு முரணானது என்று 1960 டிசம்பரில் தீர்ப்பாயிற்று. ஒருகாலத்தில் நீதியாயிருந்த சமவரி, நிலம் மாறியவுடன் அநீதியாயிற்று.

1961-இன் கட்டட வரிச் சட்டமும் இவ்வழியே சென்றது. தளப்பரப்பு ஒன்றாயின், சாலைப் பெருவீதிக் கடைக்கும் மலையடிவாரக் கிடங்கிற்கும் ஒரே வரி! 1968-இல் உச்ச நீதிமன்றம் அதனையும் ஏற்கவில்லை. 1975-இன் சட்டம் மூலதன மதிப்பை அளவாகக் கொண்டது. பின்னர்த் தளப்பரப்பே மீண்டும் வந்தது. ஆயினும் ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சி என விகிதம் பிரிக்கப்பட்டது.

மாநகராட்சி ஆண்டுதோறும் பெறும் சொத்துவரி வேறு. அதற்கு மண்டலம், பாதையின் அகலம் முதலியனவும் கணக்கிடப்படுகின்றன. சாலையின் சந்துகளிற் கடை வைத்திருப்போர், தம் கட்டடத்திற்கு எவ்வளவு அகலம் குறிக்கப்பட்டுள்ளது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம்.